யாரோ ஒருவர் விழித்திருக்கிறார்

அண்டார்க்டிகாவின் ஓரத்தில் கிங் ஜார்ஜ் தீவு. டிசம்பர் அங்கே கோடைக்காலம். சூரியன் மறைந்தாலும் முழு இருட்டு வராது. கூழாங்கற்களைக் கூட்டிச் செய்த கூட்டில் ஒரு பெங்குயின் முட்டைகளின்மேல் படுத்திருக்கிறது. தாடைக்குக் கீழே வார் கட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு இருப்பதால் அந்த இனத்துக்கு ‘சின்ஸ்டிராப்’ என்று பெயர். அதன் துணை இரை தேடிக் கடலுக்குப் போயிருக்கிறது. அது திரும்பும்வரை இது கூட்டை விட்டு நகர முடியாது. வானத்தில் ஸ்குவா என்னும் பறவை வட்டமிடுகிறது. கொஞ்சம் அசந்தால் போதும், முட்டை போய்விடும்.

இந்தப் பெங்குயின் எப்போது தூங்கும்?

2019-இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்கத் துணிந்தார்கள். 14 பெங்குயின்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்யும் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். முடிவு 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. தலை லேசாகச் சாயும், கண் மூடும், சராசரியாக நான்கே விநாடி தூக்கம், உடனே விழிப்பு. மறுபடி ஒரு சாய்வு, மறுபடி விழிப்பு. இப்படி ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல். எல்லாவற்றையும் கூட்டினால் 11 மணி நேரத் தூக்கம்! நெல்மணி நெல்மணியாகப் பொறுக்கி மூட்டை கட்டுவதுபோல் அது தன் தூக்கத்தைச் சேர்த்துக்கொள்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் சமையலறை நினைவுக்கு வந்தது. பிரசவத்துக்குச் சின்னமனூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்த நான், மூன்றாம் மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குத் திரும்பியிருந்தேன். ஒருநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஏதோ ‘சுர்’ரென்ற சத்தம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. நின்றபடியே, கண் திறந்தபடியே நான் தூங்கியிருந்தேன். எத்தனை விநாடி என்று எனக்கே தெரியவில்லை.

பெங்குயினுக்குச் சேமிப்பாகும் அந்த விநாடித் தூக்கம் மனிதருக்கு ஆபத்தின் மணி. நம் மூளைக்கு விநாடிகளைச் சேர்த்துத் தூக்கமாக மாற்றத் தெரியாது. அப்படியானால் கைக்குழந்தையை வைத்திருக்கும் மனிதத் தாய்க்கு ஓய்வு எங்கிருந்து வர வேண்டும்? உடலும் மனித வரலாறும் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

குழந்தைக்கு ஏன் இரவு தெரிவதில்லை?

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதுதான் உடலின் கடிகாரம். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைத் தினமும் சரிசெய்துகொண்டு, எப்போது உடல் சூடாக வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது மெலடோனின் சுரக்க வேண்டும் என்று அது உத்தரவு போடுகிறது. இந்தக் கடிகாரம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கருவில் இருக்கும்வரை குழந்தைக்குத் தனிக் கடிகாரம் தேவைப்படுவதில்லை. அம்மாவுக்கு இரவில் சுரக்கும் மெலடோனின் நச்சுக்கொடி வழியாக அதற்கும் போகிறது. அம்மாவின் இரவே அதன் இரவு. பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டுகிறோம். அந்த இரவும் அத்தோடு அறுந்துபோகிறது. குழந்தையின் சொந்தக் கடிகாரம் ஓரளவு ஓடத் தொடங்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை பகலும் இரவும் அதற்கு ஒன்றுதான்.

இடைப்பட்ட காலத்துக்கு இயற்கை ஒரு பாலம் போட்டிருக்கிறது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது. பகல் பாலில் அது இருப்பதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. கொடி வழியாகப் போன இரவு, இப்போது பால் வழியாகப் போகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வயது வந்தவரின் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. பிறந்த குழந்தைக்கு அந்தச் சுற்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதிலும் ஏறக்குறைய பாதி, கண்விழிகள் இமைக்குள் அசைந்துகொண்டிருக்கும் லேசான தூக்கம். அந்தப் பாதியில்தான் மூளை தன் நரம்பு இணைப்புகளை மும்முரமாகக் கட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வயிறோ சிறியது, குடித்த பால் சீக்கிரம் செரித்துவிடும். ஆக, இரவில் நாலைந்து தடவை அழும் குழந்தை அடம்பிடிக்கவில்லை. அம்மா வளர்ப்பதில் எங்கும் தவறு செய்துவிடவும் இல்லை. அந்த உடம்புக்கு அதுதான் ஒழுங்கு.

துண்டான தூக்கத்தின் கணக்கு

“இரவு எட்டு மணி நேரம் படுக்கையில்தானே இருந்தாய்?” என்று பிள்ளை பெற்றவளிடம் கேட்பவர்கள் உண்டு. இதற்கான பதில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 2014-இல் வெளியான அந்த ஆய்வில் மாணவர்களை ஒருநாள் இரவு எட்டு மணி நேரம் படுக்கவிட்டு, இடையில் நான்கு தடவை தொலைபேசியில் எழுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடம் கணினியில் ஒரு வேலை செய்துவிட்டுத் திரும்பப் படுக்க வேண்டும். கைக்குழந்தை வீட்டின் இரவை அப்படியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் காலை அவர்களுடைய கவனமும் மனநிலையும் நான்கே மணி நேரம் படுத்தவர்களைப் போல இருந்தன.

காரணம் தூக்கத்தின் அமைப்பில் இருக்கிறது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதன் சுமைதான் நாம் உணரும் தூக்கக் கலக்கம். காப்பி செய்வதெல்லாம் அடினோசின் உட்காரும் நாற்காலிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்வதுதான். சுமை குறைவதில்லை, சுமை இருக்கும் செய்தி மட்டும் மறைகிறது. சுமையை இறக்கத் தூக்கத்தால் மட்டுமே முடியும். ஆழ்ந்த தூக்கமோ இரவின் முதல் பகுதியில்தான் அதிகம் வரும். படுத்து ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிட்டால், கிணற்றில் பாதி இறங்கியவரை மேலே இழுத்ததுபோல் ஆகும். அடுத்த தடவை மறுபடி முதல் படியிலிருந்து இறங்க வேண்டும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களை 14 நாட்கள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். இரண்டாம் வாரக் கடைசியில் அவர்களுடைய கவனம், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்குச் சரிந்திருந்தது. ஆனால் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டபோது, கொஞ்சம் அசதிதான் என்பதுபோலவே பதில் சொன்னார்கள். உடல் சரிவது அவர்களுக்கே தெரியவில்லை.

“எனக்கு ஒன்றுமில்லை, பழகிவிட்டது” என்று பிள்ளை பெற்றவள் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. தன் களைப்பை அளக்கும் அளவுகோலே களைத்துப்போயிருக்கிறது. ஆகவே அவள் கேட்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் 4,659 பெற்றோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2019-இல் வெளியானது. முதல் மூன்று மாதங்களில் தாய்மார்கள் கர்ப்பத்துக்கு முன்பு தூங்கியதைவிட ஒரு மணி நேரம் குறைவாகத் தூங்கினார்கள். தகப்பன்மார்கள் கால் மணி நேரம் குறைவாகத் தூங்கினார்கள். முதல் குழந்தைக்கு ஆறு வயதான பிறகும் இருவருடைய தூக்கமும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. ‘மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் சரியாகிவிடும்’ என்ற கணக்கு சரியில்லை. பல ஆண்டுகளுக்கு ஓட வேண்டிய ஓட்டத்துக்குத் தகுந்த ஏற்பாடு வேண்டும்.

பால் சொல்லும் சாட்சி

அம்மாவின் ஓய்வு அவளுக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைப்பவர்களுக்கு 1948-இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற கணவனும் மனைவியும் செய்தது அது. ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரே ஒரு தாய்தான் அதில் கலந்துகொண்டவர். பால் குடிப்பதற்கு முன்பும் பின்பும் குழந்தையை எடைபோட்டார்கள். ஒன்றும் தொந்தரவு செய்யாத நாட்களில் குழந்தை சராசரியாக 168 கிராம் பால் குடித்தது. சில நாட்களில், பால் கொடுக்கும்போது தாயின் பாதங்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தார்கள், கால் விரல்களை வலிக்கும்படி இழுத்தார்கள், கணக்குக் கேட்டுத் தவறாகச் சொன்னால் லேசான மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த நாட்களில் குழந்தைக்குக் கிடைத்தது 99 கிராம்தான்.

மார்பில் பால் இல்லாமல் போகவில்லை. அதே தொல்லைகளோடு ஆக்சிடோசின் ஊசி போட்டபோது குழந்தை 153 கிராம் குடித்தது. பால் சுரப்பது வேறு, சுரந்த பால் இறங்கி வருவது வேறு. குழந்தை சப்பியதும் தாயின் மூளை ஆக்சிடோசினைத் துடிப்புத் துடிப்பாக ரத்தத்தில் விடுகிறது. அது பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. மனம் பதற்றத்தில் இருந்தால் அந்தத் துடிப்புகள் குறைகின்றன. 1994-இல் ஜப்பானில் பல தாய்மார்களிடம் செய்த ஆய்விலும் மனக்கணக்கும் இரைச்சலும் இந்தத் துடிப்புகளைக் குறைத்தது தெரிந்தது.

இதைக் கேட்டு எந்தத் தாயும் பயப்பட வேண்டாம். பதற்றம் தணிந்ததும் பால் மறுபடி இறங்கும். ‘பால் குடிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் போடாதே’ என்று பெரியவர்கள் அதட்டுவதில் உடலியல் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தாயின் அமைதி குழந்தையின் வயிற்றுக்குள் கிராம் கணக்கில் போய்ச் சேர்கிறது.

தூளியின் ரகசியம்

இரவில் ஓய்வு கிடைக்க வேண்டுமானால் முதலில் குழந்தை தூங்க வேண்டும். உத்தரத்துக் கொக்கியிலிருந்து பழைய பருத்திச் சேலையைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கட்டை கொடுத்து, நாம் கட்டிக்கொண்ட தூளிக்கு இந்த விஷயத்தில் நெடுங்காலப் பேர் உண்டு. அது ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சுவிட்சர்லாந்திலிருந்து 2019-இல் விடை வந்தது.

ஜெனீவாவில் 18 இளைஞர்களை மெதுவாக ஆடும் கட்டிலில் இரவு முழுவதும் படுக்கவைத்தார்கள். நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம். அசையாத கட்டிலில் படுத்த இரவைவிட அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழமாகத் தூங்கினார்கள், இடையில் விழித்ததும் குறைவு. லோசானில் இன்னொரு குழு இதையே சுண்டெலிகளிடம் செய்து பார்த்தது. நம் உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு மெல்லிய படலத்தின்மேல் பொதிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை நகரும். அந்த நகர்வைக் கொண்டே உடல் தன் சமநிலையை அறிகிறது. இந்த உறுப்பு வேலை செய்யாமல் பிறந்த எலிகளை ஆட்டியபோது எந்தப் பலனும் இல்லை. ஆக, தூளி தாலாட்டுவது காதுக்குள் இருக்கும் அந்தச் சிறு கற்களை.

சரி, தோளில் தூங்கிய குழந்தை படுக்கையில் போட்டதும் விழித்துக்கொள்கிறதே? ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தின் குமி குரோடா குழுவினர் 2022-இல் இதை ஆராய்ந்தார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தபோது அழுகை நின்றது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தூங்கியே விட்டன. ஆனால் படுக்கவைத்ததும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை சில விநாடிகளில் விழித்துவிட்டன. இதயத் துடிப்பைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. முதுகு மெத்தையில் படும்போது அல்ல, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே குழந்தையின் இதயம் உஷாராகிவிடுகிறது. தூங்கிய பிறகு இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்தபடி மடியிலேயே வைத்திருந்துவிட்டுப் படுக்கவைத்தால், தூக்கம் ஆழமாகி, பிரிவைத் தாங்கிக்கொள்கிறது.

நடப்பது ஐந்து நிமிடம், மடியில் எட்டு நிமிடம். இதை அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை. தூளியை யார் வேண்டுமானாலும் ஆட்டலாம். காதுக்குள் இருக்கும் கற்கள் ஆள் பார்ப்பதில்லை.

பலர் கையில் வளர்ந்த உயிரினம்

சிம்பன்ஸித் தாய் தன் குட்டியைப் பிறந்து பல மாதங்கள் வேறு எவர் கையிலும் கொடுப்பதில்லை. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஐந்து, ஆறு ஆண்டு இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாகத் தனியே வளர்க்கிறது. மனிதக் குழந்தையோ குரங்கினங்களிலேயே மெதுவாக வளர்வது, அதிகம் சாப்பிடுவது. பிறந்ததிலிருந்து தானே தேடிச் சாப்பிடும் வயது வரும்வரை அதற்குச் சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம் கலோரி தேவை என்று மானிடவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தாயும் தகப்பனும் மட்டும் சேர்ந்து காட்டில் திரட்டக்கூடிய அளவல்ல இது. எனினும் வேட்டையாடி வாழ்ந்த மனிதர்கள் சிம்பன்ஸியைவிடக் குறைந்த இடைவெளியில், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒன்றாகப் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். எப்படி?

சாரா பிளாஃபர் ஹெர்டி என்ற மானிடவியலாளர் 2009-இல் எழுதிய ‘மதர்ஸ் அண்ட் அதர்ஸ்’ என்ற நூலில் இதற்கு விரிவாகப் பதில் சொன்னார்: மனிதர் கூட்டாகப் பிள்ளை வளர்க்கும் உயிரினம். பாட்டி, அத்தை, சித்தி, அக்கா, தகப்பன் எனப் பல கைகள் இருந்ததால்தான் இந்த இனம் பிழைத்தது. கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் டான்சானியாவில் ஹட்ஸா மக்களிடையே இதை நேரில் பார்த்தார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்துவிட்டால், மூத்த பிள்ளையின் எடை ஏறுவது அதன் பாட்டி எவ்வளவு நேரம் கிழங்கு தோண்டினார் என்பதைப் பொறுத்திருந்தது.

அதே ஹட்ஸா மக்களிடம் எனக்கு மிகப் பிடித்த இன்னோர் ஆய்வு நடந்தது. 2017-இல் வெளியான அதில், 33 பெரியவர்கள் 20 நாட்கள் தூக்கத்தை அளக்கும் சிறு கருவியைக் கையில் கட்டிக்கொண்டார்கள். அந்த இருபது நாட்களிலும் 33 பேரும் ஒரே சமயத்தில் தூங்கிய நேரத்தைக் கூட்டினால் எவ்வளவு வந்தது தெரியுமா? 18 நிமிடம். இரவின் எந்த வேளையை எடுத்துக்கொண்டாலும் சராசரியாக எட்டுப் பேர் விழித்திருந்தார்கள், அல்லது அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். யாரும் முறை போட்டுக் காவல் காக்கவில்லை. அது தானாக நடந்தது. இளையவர்கள் தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழுந்தார்கள். வயதானவர்கள் முன்னிரவிலேயே படுத்து, விடியுமுன் எழுந்துவிட்டார்கள்.

வயதானால் தூக்கம் ‘கெட்டுப்போகிறது’ என்று நாம் சொல்கிறோம். ஒருவேளை அது கெட்டுப்போகவில்லை, கூட்டத்தைக் காப்பதற்காக வந்த குணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிங்கமும் கழுதைப்புலியும் திரியும் இருட்டில், நடுநிசியில் சுள்ளியைத் தள்ளி நெருப்பைத் தூண்டிவிட்ட பாட்டியால் பிள்ளை பெற்றவள் கண்ணயர்ந்திருப்பாள்.

என் அம்மா இதை எதையும் படித்தவரல்ல. சின்னமனூர் வீட்டில் அந்த மூன்று மாதமும் விடியற்காலை மூன்றரை மணிக்கு அவருடைய வளையல் சத்தம் கேட்கும். தூளியிலிருந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். “இதுக்கு மேல எனக்குத் தூக்கம் வராது. நீ படு தாயி, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்.” நான் ஏழு மணி வரை ஒரே தூக்கமாகத் தூங்குவேன். சென்னை வீட்டில் பூண்டுக் குழம்பு இருந்தது, தூளி இருந்தது, மருந்து இருந்தது. அந்த மூன்றரை மணி வளையல் சத்தம் இல்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்த காலைக்கு அதுதான் காரணம் என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இன்றைய வீட்டில் யார் விழிப்பது?

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. கணக்கெடுத்த நாளில் சமையல், துவையல், கூட்டுவது போன்ற ஊதியமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். வேலை செய்தவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். ‘உனக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்’ என்று தாய்மார்களுக்கு எல்லோரும் அன்பாகவே சொல்கிறோம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கிருந்து ஒதுக்குவார்கள்? ஓய்வு நேரம் ஒதுக்கி வருவதில்லை. இன்னொருவர் அந்த நேரத்தை வாங்கிக்கொள்ளும்போது வருகிறது.

முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியவர் குழந்தையின் தகப்பன். அதற்கு அவர் உடம்பும் தயாராகிறது. பிலிப்பைன்ஸில் செபு நகரத்தில் 624 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. தகப்பன்மை ஆணின் ரத்தத்திலும் எழுதப்படுகிறது.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. தாய்க்கு முன்னிரவில் நான்கைந்து மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைக்க வேண்டும். ஆழ்ந்த தூக்கம் அங்கேதான் இருக்கிறது. ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். துணி மாற்றுவது, ஏப்பம் விடவைப்பது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் கணவரோ மாமியாரோ பார்த்துக்கொள்ளட்டும். பசித்தால் பீய்ச்சி வைத்த பாலைக் கொடுக்கலாம். அது முடியாத நாட்களில் குழந்தையைக் கொண்டுவந்து அவளிடம் விட்டு, குடித்ததும் வாங்கிக்கொண்டு போகலாம்.

பகலில் குட்டித் தூக்கமும் உதவும். 1980-களின் கடைசியில் நாசா, பசிபிக் கடலைக் கடக்கும் நீண்ட விமானப் பயணங்களில் ஒரு சோதனை செய்தது. விமானிகளுக்கு ஒருவர் மாற்றி ஒருவராக 40 நிமிட ஓய்வு கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். எழுந்த பிறகு அவர்களுடைய கவனமும் செயல்திறனும் தெளிவாக உயர்ந்தன. ஆனால் அந்த 26 நிமிடமும் மற்றவர்கள் விமானத்தை ஓட்டினார்கள் என்பதை மறக்கக் கூடாது. ‘குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தையும் துணியையும் அவளுக்கே விட்டுவைத்தால் விமானத்தை யார் ஓட்டுவது?

ஆள் நிறைந்த வீடாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் பெங்குயின்கள் சொல்கின்றன. கூட்டத்தின் நடுவில் கூடு கட்டியவற்றைவிட ஓரத்தில் இருந்தவை கொஞ்சம் ஆழமாகத் தூங்கின. ஸ்குவா வரும் ஓரத்தைவிட, அக்கம்பக்கத்தார் இரைச்சலும் கல் திருட்டும் நிறைந்த நடுப்பகுதியில்தான் தூக்கம் கெட்டது! குழந்தை பார்க்க வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். தூங்கிவழியும் நிலையில் சோபாவிலோ நாற்காலியிலோ சாய்ந்து குழந்தையை அணைத்தபடி கண்ணயர்ந்துவிடக் கூடாது. இடுக்கில் சிக்கிக் குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. கண் சொருகினால் குழந்தையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்தது, குழந்தை தூங்கி, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்து, அப்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வெறும் அசதியல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமாகும். மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. சில ஆண்டுகளாக மூன்றரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. முதலில் அதை வியாதி என்று நினைத்து வருத்தப்பட்டேன். போன மாதம் அண்ணன் மகள் பிரசவத்துக்குச் சின்னமனூர் வந்திருந்தாள், நானும் போயிருந்தேன். வழக்கம்போல மூன்றரைக்கு விழித்தபோது, தூளி லேசாக அசைவது தெரிந்தது. குழந்தை சிணுங்க ஆரம்பித்திருந்தது. அவள் எழுவதற்கு முன் போய்க் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

“அத்தை, நீங்க தூங்கலையா?”

“எனக்குத் தூக்கம் முடிஞ்சிருச்சு. நீ படு தாயி.”

அவள் திரும்பிப் படுத்தாள். முற்றத்தில் நடந்துகொண்டிருந்த எனக்கு, கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீராக ஓடும் சத்தம் கேட்டது.